தொண்டைமானாற்றிலிருந்து முள்ளியான் வரை: துணைக்குழுவோடு 50 கிலோமீற்றர்

மரதன் தூரமான 42.195 கிலோமீற்றரைத் தாண்டும் எந்த ஓட்டமும் அல்ட்ரா மரதன்தான். அதில் வழக்கமாக ஓடப்படும் ஆகக் குறைந்த தூரம் 50 கிலோமீற்றர். இங்கிலாந்தில் பர்மிங்காமிலிருந்து லண்டன் வரை கால்வாய்க் கரையோடு 145 மைல் ஓடுகிறார்கள். 45 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். அவ்வளவு தூரம் நமக்கு இப்போது தேவையில்லை. ஒரு மரதனையாவது ஓடி முடித்த ஒருவர், நான்கு பேரின் உதவியோடு, நம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நீர்வழி ஒன்றை ஒட்டி 50 கிலோமீற்றர் ஓடுவதற்கு என்னென்ன செய்யவேண்டும் என்பதே இந்த அத்தியாயம்.

பாதை

தொண்டைமானாறு என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. உப்பு ஏற்றும் கலங்கள் உள்ளே வருவதற்காகக் கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்த வாய்க்கால் என்பது செவிவழி வரலாறு. அது கடலைச் சந்திக்கும் இடத்தில், செல்வச்சந்நிதி முருகன் கோயிலடியில் ஓட்டம் தொடங்குகிறது. முடிவது வெற்றிலைக்கேணிக்கு அப்பால், முள்ளியானில். அங்கேயும் ஒரு கால்வாய் இருக்கிறது. ஆனையிறவு நீரேரியின் நன்னீரை வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவர, பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டத்தின் இணைப்பு வாய்க்கால் அது. நீளம் சுமார் 4 கிலோமீற்றர். முழுமையாக முடிக்கப்படவில்லை.

இரண்டுக்கும் இடையில் வடமராட்சி நீரேரி நீண்டு கிடக்கிறது. அதன் கரையோடு தொடர்ச்சியான பாதை கிடையாது. சதுப்பும் உவர்வெளியும் மணலுமாக இருப்பதால், நீரேரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள வீதியில்தான் ஓடுகிறோம். வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, வல்லிபுரம், குடத்தனை, நாகர்கோவில், செம்பியன்பற்று, தாளையடி, மருதங்கேணி, உடுத்துறை, ஆழியவளை, வெற்றிலைக்கேணி என்று ஊர்கள் வரும். இடக்கைப் பக்கம் கடல், வலக்கைப் பக்கம் நீரேரி. தொடக்கத்தில் நீரேரி ஊர்களுக்குப் பின்னால் மறைந்திருக்கும். நாகர்கோவிலை நெருங்க நெருங்கக் கிட்ட வரும். தூரம் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். வரைபடத்தை நம்பி ஓட வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் போய் அளந்து, 5 கிலோமீற்றருக்கு ஒன்றாக நிற்குமிடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிற்குமிடத்துக்குப் பெயர் வையுங்கள். ‘சந்தி’, ‘கோயிலடி’ என்று மட்டும் எழுதினால் வினைதான். இரண்டாவது தடவை ஓடியபோது, “சந்தியில நில்லுங்கோ” என்று நான் சொன்னது ஒரு சந்தி, ஓட்டோ போய் நின்றது இன்னொரு சந்தி. அரைப் போத்தல் தண்ணீரோடு 9 கிலோமீற்றர் ஓடினேன். வேலியோரம் கிடுகு பின்னிக்கொண்டிருந்த ஒரு அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பி வந்தா. “எங்கட கிணறு உவர் தம்பி, குடிக்கேலாது, பொறுங்கோ” என்று உள்ளே போய், பவுசரில் வந்த தண்ணீரைச் சேர்த்து வைத்திருந்த நீலப் பீப்பாயிலிருந்து ஒரு செம்பு மொண்டு தந்தா. அவர்கள் வீட்டுக்கு எண்ணிச் சேர்த்த தண்ணீர் அது. அன்றிலிருந்து ஒவ்வொரு நிற்குமிடத்துக்கும் கடைப்பெயர், மதில் நிறம், மரம் என்று அடையாளம் எழுதி, படமும் எடுத்துத் துணைக்குழுவுக்கு அனுப்புகிறேன்.

முதலில் ஆட்கள், பிறகு சப்பாத்து

ஓட நினைக்கும் பலர் முதலில் சப்பாத்து வாங்குவார்கள், கடைசி வாரத்தில் மச்சானைக் கூப்பிடுவார்கள். இதை மாற்றுங்கள். 35 கிலோமீற்றருக்குப் பிறகு உங்கள் தலை சரியாக வேலை செய்யாது. எவ்வளவு குடித்தோம், எப்போது சாப்பிட்டோம் என்று எண்ணிச் சொல்லும் திறன் போய்விடும். அந்த எண்ணிக்கையை வேறொருவர் வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கரைக்கு இது புதிதல்ல. தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954 இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இல் அதே நீரிணையைப் போய்த் திரும்பி 51 மணித்தியாலத்தில் நீந்தினார். இப்படி நீந்துபவருக்குப் பக்கத்தில் வள்ளம் போகும். அதில் இருப்பவர்கள்தான் உணவு கொடுப்பார்கள், திசை சொல்வார்கள், நேரம் பார்ப்பார்கள். உங்கள் வள்ளம் ஓர் ஓட்டோவும் ஒரு சைக்கிளும்.

நான்கு பேர் போதும்:

1. பொறுப்பாளர். கொப்பியும் பேனையும் இவர் கையில். உங்களை நிறுத்தும் அதிகாரமும் இவருக்கே. உங்களுக்கு அடங்கிப் போகிறவரை இந்த வேலைக்குப் போடாதீர்கள். ஒரு அக்காவோ, பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியரோ, தாதியோ நல்லது.
2. சாரதி. வானைவிட ஓட்டோ மேல். ஒடுங்கிய வீதியில் ஒதுக்கி நிறுத்தலாம், மணலில் புதைந்தாலும் இரண்டு பேர் தள்ளி எடுக்கலாம். முதல்நாள் இரவு இவர் நன்றாக நித்திரை கொண்டிருக்க வேண்டும்.
3. சைக்கிள் துணை. பழைய லுமாலா சைக்கிள் போதும். முன்கூடையில் தண்ணீர், உப்பு, பிளாஸ்டர், விசில். நாய்கள் இவருக்குத்தான் முதலில் பயப்படும்.
4. ஓட்டத்துணை. கடைசி 15 கிலோமீற்றருக்கு உங்களோடு கூட ஓடுபவர். உங்களைவிட வேகமானவராக இருந்தாலும் அன்றைக்கு உங்கள் வேகத்தில் வர வேண்டும்.

ஓடுபவர் பெண் என்றால் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும். உடை மாற்ற, கழிவறை கேட்டு ஒரு வீட்டுப் படலையைத் தட்ட, அது பெரிய உதவி.

*குறிப்பு:* பயிற்சிக் காலத்தில் ஒரு நாளாவது நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு 25 கிலோமீற்றர் ஓடிப் பாருங்கள். யார் தொலைபேசியில் மூழ்குகிறார், யார் சொல்லாமலே போத்தலை நிரப்பி வைக்கிறார் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

எந்த மாதம், எத்தனை மணிக்கு

ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கும். அதன்பின் சோழகம் எழும்பி மணலை வாரி முகத்தில் அடிக்கும். மிஞ்சுவது தை நடுப்பகுதியிலிருந்து மாசி முடியும் வரை. வல்வெட்டித்துறையில் பட்டம் ஏற்றும் அந்தக் காலத்து வாடைக்காற்று இடப்பக்கத்திலிருந்து வரும். குளிர்ச்சி தரும், ஆனால் வியர்வையை உடனே காயவைத்துவிடுவதால் உடம்பு எவ்வளவு நீரை இழந்தது என்று தெரியாமல் போகும்.

பூரணைக்குக் கிட்டிய ஒரு நாளில் அதிகாலை 3 மணிக்குத் தொடங்குங்கள். எட்டு மணித்தியாலம் எடுத்தாலும் 11 மணிக்கு முடிந்துவிடும். பனைமரம் நிறைய உண்டு, நிழல் இல்லை. குடத்தனைக்கு அப்பால், மணற்காட்டுச் சவுக்கந்தோப்பு ஒருபக்கம் தெரியும். அதைக் கடந்தால் வெயில்தான்.

பதினாறு கிழமை

பயிற்சியை நீட்டி எழுதப் போவதில்லை. கிழமைக்கு நான்கு நாள் ஓடுங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து நீண்ட ஓட்டம் போங்கள்: சனி 25 என்றால் ஞாயிறு 15. களைத்த காலோடு ஓடப் பழகுவதே இதன் நோக்கம். ஆக நீண்ட ஓட்டம் 35 கிலோமீற்றர், அதுவும் ஓடும் நாளுக்கு மூன்று கிழமைக்கு முன்பு. அதன்பிறகு தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள். 25 நிமிடம் ஓடி 5 நிமிடம் நடக்கும் முறையை முதல் கிழமையிலிருந்தே பழகுங்கள். நடப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வாரக்கணக்காக நடந்தே போய்ச் சேருகிறார்கள்.

தண்ணீர், உப்பு, சாப்பாடு

கீழ்ப்பகுதி ஊர்களில் கிணறுகள் பல உவர். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது, ஆனாலும் வழியில் கண்ட குழாயை நம்பித் திட்டம் போடாதீர்கள். முழுத் தண்ணீரையும் ஓட்டோவில் ஏற்றுங்கள். ஓடுபவருக்கு 8 லீற்றர், ஊற்றிக் குளிர்விக்க 20 லீற்றர், துணைக்குழுவுக்கு 10 லீற்றர்.

எவ்வளவு குடிப்பது? ஒரு சோதனை செய்யுங்கள்:

1. ஓட முன் உடையில்லாமல் நிறை பாருங்கள்.
2. குடிக்காமல் ஒரு மணித்தியாலம் ஓடுங்கள்.
3. உடம்பைத் துடைத்து மீண்டும் நிறை பாருங்கள்.
4. குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லீற்றர் வியர்வை. அதில் பாதி முதல் முக்கால் பங்கு உங்கள் மணித்தியால அளவு.

இந்த அளவுக்கு மேல் வற்புறுத்திக் குடிக்க வேண்டாம், தாகமும் பேசட்டும். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து, தலையிடி, சத்தி, குழப்பம், கடைசியில் வலிப்புவரை போகும். விரலில் மோதிரம் இறுகுகிறதா என்று பொறுப்பாளர் பார்க்கட்டும். இறுகினால் தண்ணீரை நிறுத்த வேண்டும்.

பார்மசியில் கிடைக்கும் ஜீவனிப் பக்கற்றைச் சரியாக ஒரு லீற்றரில் கரையுங்கள். அரை லீற்றரில் கரைத்தால் வயிற்றைப் புரட்டும். ஜீவனி உப்புக்கும் நீருக்கும்தான். அதிலுள்ள குளுக்கோஸ் ஓடும் காலுக்குப் போதாது. மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து வேண்டும். ஒரு கதலிப்பழமும் ஒரு சின்னத் துண்டு பனங்கட்டியும் ஏறத்தாழ 30 கிராம் தரும். எள்ளுருண்டை, பயத்தம் உருண்டை, தோடம்பழம், உப்புப் போட்ட அரிசிக்கஞ்சி எல்லாம் நல்லவை. 30 கிலோமீற்றருக்குப் பிறகு இனிப்பு வாயில் ஏறாது. அப்போது கஞ்சிதான் கைகொடுக்கும். பிளாஸ்கில் இளஞ்சூடாக வைத்து, சின்ன வெங்காயம் வெட்டிப் போட்டு, பேணியில் அரைவாசி மட்டும் கொடுங்கள்.

ஓடும் நாள்

1. இரவு 1 மணிக்கு எழும்பி, சோறோ இடியப்பமோ கொஞ்சம் சாப்பிடுங்கள். காரமும் பருப்பும் வேண்டாம்.
2. தொடை, அக்குள், மார்பு எல்லாம் வாசலின் பூசுங்கள். குதிக்காலிலும் பெருவிரல் ஓரத்திலும் பிளாஸ்டர் ஒட்டுங்கள், தோல் உலர்ந்திருக்கும்போதே.
3. பழைய மேசின் பாதத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சக் குழாயைச் சப்பாத்து வாய்மேல் இழுத்து விடுங்கள். மணல் உள்ளே போகாது.
4. வெளிச்சம் பட்டால் மின்னும் அங்கி, தலைவிளக்கு. வீதியின் வலப்பக்கம், எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி ஓடுங்கள். விடியப்புறம் மீன் ஏற்றும் லொறிகள் வேகமாக வரும்.
5. முதல் 10 கிலோமீற்றரில் யாராவது பாடச் சொன்னால் பாடக்கூடிய வேகம்தான் சரி. பருத்தித்துறைக்குச் சீக்கிரம் வந்துவிட்டோம் என்று சந்தோசப்பட்டவர்கள் மருதங்கேணியில் உட்கார்ந்துவிடுவார்கள்.
6. ஓட்டோ உங்கள் பின்னால் ஊர்ந்து வரக் கூடாது. முன்னே போய் நின்று காத்திருக்கட்டும். சைக்கிள் மட்டும் கூட வரட்டும்.
7. குடத்தனையில் சப்பாத்தைக் கழற்றி மேசை மாற்றுங்கள். இங்கே மூன்று நிமிடம் செலவழித்தால், பின்னால் கொப்புளத்தோடு நொண்டும் ஒரு மணித்தியாலம் மிச்சம்.
8. நாகர்கோவிலில் பாட்டுப் போடுவதையும் ஹோர்ண் அடிப்பதையும் நிறுத்துங்கள். 1995 செப்டெம்பர் 22 இல் குண்டுவீச்சில் பிள்ளைகள் இறந்த பள்ளிக்கூடம் அந்த ஊரில் இருக்கிறது. உடுத்துறையில் சுனாமி நினைவாலயத்தைக் கடக்கும்போதும் அப்படியே.
9. 35 ஆவது கிலோமீற்றரில் ஓட்டத்துணை சேர்ந்துகொள்வார். அவர் உங்களுக்கு அரை அடி முன்னால், கடல் பக்கமாக ஓடினால் காற்றையும் தடுப்பார்.

நிற்குமிடத்தில் நான்கு நிமிடம்

துணைக்குழுவின் திறமை தெரிவது இங்கேதான். ஓடுபவர் வந்தபிறகு பையைக் கிளறக் கூடாது. பாயை விரித்து, போத்தல், சாப்பாடு, ஈரத் துவாய், மேசு, பிளாஸ்டர் என்று எப்போதும் ஒரே ஒழுங்கில் வையுங்கள். ஒருவர் போத்தல் மாற்ற, ஒருவர் பிடரியில் தண்ணீர் ஊற்ற, பொறுப்பாளர் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும்.

“அண்ணை, கடைசியா எப்ப ஒண்டுக்குப் போனனீங்கள்?”

“தெரியேல்லை.”

“என்ன நிறம்?”

“பாக்கேல்லை.”

“அப்ப இருங்கோ. இதைக் குடிச்சிட்டுப் போகலாம்.”

இவ்வளவுதான் பேச்சு. “ஏலுமோ, விடுவமோ?” என்று கேட்காதீர்கள். 40 கிலோமீற்றரில் யாரும் ஏலும் என்று சொல்லமாட்டார்கள். கேள்வி எப்போதும் விடை உள்ளதாக இருக்கட்டும்: எந்த விரல் நோகிறது, கஞ்சியா பழமா, அடுத்த நிற்குமிடத்தின் பெயர் என்ன. கடைசிக் கேள்விக்குப் பதில் தடுமாறினால், கொப்பியில் நேரத்தோடு குறித்து, அடுத்த 5 கிலோமீற்றரைச் சைக்கிள் துணையை ஒட்டி நடக்க வைக்கவும். கதிரை கொண்டுபோக வேண்டாம். இருந்தவர் எழும்புவது கஷ்டம். காலுக்கு மருந்திடும்போது மட்டும் ஓட்டோவின் விளிம்பில் இருத்துங்கள்.

ஆபத்துகள்

*கண்ணிவெடி.* நாகர்கோவில் பகுதி நீண்டகாலம் போர்முனையாக இருந்தது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையோ சிவப்பு நாடாவோ கண்டால் அந்தப் பக்கம் ஓரடியும் வைக்க வேண்டாம். பலகை இல்லாத பற்றைக்குள்ளும் இறங்க வேண்டாம். ஒண்டுக்குப் போக ஒதுங்குவதே ஆபத்தாகலாம். வீட்டில், கோயிலில், தேவாலயத்தில் கேளுங்கள், மறுக்கமாட்டார்கள். மணலில் கிடக்கும் உலோகப் பொருள் எதையும் தொடாதீர்கள், காலால் தட்டாதீர்கள். முள்ளியான் வாய்க்காலைப் பார்க்கவும் ஆட்கள் புழங்கும் பாதையால்தான் போக வேண்டும்.

*பாம்பு.* புடையனும் சுருட்டையும் இரவில் சூடான தார்மேல் கிடக்கும். தலைவிளக்கை அணைக்காதீர்கள். கடித்தால் வெட்டுவதோ கட்டுவதோ உறிஞ்சுவதோ வேண்டாம். மோதிரத்தைக் கழற்றி, அசையாமல் வைத்து, உடனே வைத்தியசாலை.

*வெப்பத்தாக்கு.* உளறல், தள்ளாட்டம், சுடும் உடம்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் முதலில் குளிர்வியுங்கள், பிறகு ஏற்றுங்கள். 20 லீற்றர் தண்ணீரை ஏற்றச் சொன்னது இதற்குத்தான். நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, தொடர்ந்து ஊற்றி, துவாயால் விசிறுங்கள். சுயநினைவு குழம்பியவருக்கு வாயால் எதுவும் கொடுக்காதீர்கள். இலவச அம்புலன்ஸ் 1990. தொடக்கப் பகுதிக்குப் பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையும், கடைசிப் பகுதிக்கு மருதங்கேணி வைத்தியசாலையும் கிட்ட. இரண்டின் வாசலையும் சாரதி முன்கூட்டியே போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

*வலிமாத்திரை.* இபுபுரூபன், டைக்குளோபினாக் போன்றவற்றை ஓடும்போது போடாதீர்கள். நீரிழந்த சிறுநீரகத்தை அவை கெடுக்கும்.

எல்லோரும் அடையாள அட்டை வைத்திருங்கள். முகாம்களுக்குக் கிட்டப் படம் எடுக்க வேண்டாம்.

நிறுத்தும் விதி

முதல்நாள் மாலையில் நான்கு பேரையும் வைத்து, கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். இவற்றில் ஒன்று நடந்தாலும் ஓட்டம் முடிந்தது:

- உளறல், அல்லது ஊர்ப்பெயர் மறத்தல்
- அரை மணித்தியாலம் எதுவும் வயிற்றில் தங்காமை
- தேயிலைச் சாய நிறத்தில் சிறுநீர்
- நெஞ்சுவலி, மயக்கம்
- ஒரு காலை ஊன்ற முடியாமை

கெஞ்சுவீர்கள், கோபப்படுவீர்கள், 3 கிலோமீற்றர்தானே என்பீர்கள். எனக்கு ஒருமுறை ஆழியவளையில் இது நடந்தது. பொறுப்பாக இருந்த என் தங்கை ஒன்றும் பேசாமல் கொப்பியை விரித்து, என் கையெழுத்தைக் காட்டினாள். ஓட்டோவில் ஏறினேன். இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. அடுத்த வருடமும் பொறுப்பாளராக அவளைத்தான் கேட்டேன்.

முடிந்தபின்

1. உடனே இருக்காமல் பத்து நிமிடம் நடவுங்கள்.
2. ஒரு மணித்தியாலத்துக்குள் உப்போடு ஏதாவது சாப்பிடுங்கள். கூழ் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை.
3. கொப்புளத்தை வீட்டுக்குப் போய்ச் சுத்தமான ஊசியால் ஓரத்தில் மட்டும் துளையுங்கள். தோலை உரிக்காதீர்கள்.
4. அன்றைக்கு நீங்கள் எந்த வாகனமும் ஓட்டக் கூடாது. ஓட்டோச் சாரதியும் ஒரு மணித்தியாலம் நித்திரை கொண்டபிறகே திரும்ப வேண்டும். அதிகாலையிலிருந்து விழித்திருப்பவர் அவரும்தான்.
5. சிறுநீரின் நிறத்தை இரண்டு நாள் கவனியுங்கள். தேயிலைச் சாயம்போல் இருந்தால் வைத்தியசாலை.
6. ஒரு கிழமை ஓடாதீர்கள். அந்தக் கிழமையில் கொப்பியைத் துணைக்குழுவோடு உட்கார்ந்து வாசியுங்கள். எந்த இடத்தில் எவ்வளவு குடித்தீர்கள், எங்கே பதில் தடுமாறியது, எந்த நிற்குமிடம் பிழை என்று அவர்களே சொல்வார்கள். நீலப் பீப்பாய் வீட்டுக்கு இரண்டு பெரிய போத்தல் தண்ணீரும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையையும் அந்தக் கிழமையிலேயே முடித்துவிடுங்கள்.